மிதக்கும் ஏற்பிகள்: நோய் எதிர்ப்புச் செல்கள் தம் ஏற்பிகளை வெளியே விடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ ஆய்வக மாணவர்களுக்கு நோய் எதிர்ப்பியல் பாடம் எடுக்கிறேன். சைட்டோகைன் வகுப்பு முடிந்ததும் வரும் சந்தேகங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இல்லை. இப்போது பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளிகளின் வீட்டாரும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வரும். அறிக்கையைப் பார்த்து மருந்தை மாற்றுவது உங்கள் மருத்துவரின் வேலை; இந்தப் பக்கத்தை அதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

ஏற்பி என்றால் செல்லின் மேல் பதிந்திருப்பது என்றுதானே படித்தோம்? அது எப்படி இரத்தத்தில் வரும்?

படித்தது சரிதான். ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் புரதச் செய்தி சைட்டோகைன். அதைப் பிடிக்கும் புரதம் ஏற்பி. பெரும்பாலான சைட்டோகைன் ஏற்பிகளுக்கு மூன்று பகுதிகள் உண்டு. செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டு சைட்டோகைனைப் பிடிக்கும் பகுதி ஒன்று. கொழுப்பாலான செல் சவ்வை ஊடுருவி நிற்கும் குட்டையான பகுதி இரண்டாவது. செல்லுக்குள் இருந்து செய்தியைக் கடத்தும் வால் மூன்றாவது.

வெளிப்பகுதி மட்டும் தனியே வந்துவிட்டால் அது நீரில் கரையும். இரத்தம், மூட்டு நீர், சிறுநீர் என எங்கும் போகும். ஆய்வகத்தில் சால்யூபிள் ரிசெப்டர் என்பார்கள். இங்கே மிதக்கும் ஏற்பி என்றே சொல்கிறேன். வால் இல்லாததால் அது தானாக எந்தச் செய்தியையும் கடத்தாது. ஆனால் சைட்டோகைனைப் பிடிக்கும் திறன் அப்படியே இருக்கும். கீழே வரும் சிக்கல்கள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

அறுந்து விழுந்த துண்டுதானே? செத்த செல்லின் குப்பையாக ஏன் இருக்கக் கூடாது?

தொடக்கத்தில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். 1985-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள், தூண்டிவிடப்பட்ட டி செல்கள் (வெள்ளை அணுக்களில் ஒரு வகை) இன்டர்லூக்கின்-2 என்ற சைட்டோகைனுக்கான ஏற்பியின் ஒரு பகுதியை வளர்ப்பு நீர்மத்துக்குள் விடுவதைக் காட்டினார்கள். உயிரோடு, சுறுசுறுப்பாகப் பெருகிக்கொண்டிருந்த செல்கள் அவை.

அடுத்த தடயம் சிறுநீரில் கிடைத்தது. காய்ச்சல் நோயாளிகளின் சிறுநீரில், டி.என்.எஃப். என்ற அழற்சிச் சைட்டோகைனின் வேலையை முடக்கும் ஏதோ ஒன்று இருப்பதை 1980-களின் பிற்பகுதியில் ஜெனீவாவில் ழான்-மிஷெல் டாயர் குழுவினர் கவனித்தார்கள். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் டேவிட் வாலக் குழுவினரும் சிறுநீரிலிருந்தே இப்படிப்பட்ட புரதங்களைப் பிரித்தெடுத்தார்கள். 1990-இல் டி.என்.எஃப். ஏற்பிகளின் மரபணுக்கள் கண்டறியப்பட்டபோது, அந்தச் சிறுநீர்ப் புரதங்கள் ஏற்பிகளின் வெளிப்பகுதியே என்பது உறுதியானது. டி.என்.எஃப். ஏற்பியைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு கழிவுநீரிலிருந்து வந்தது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

செல் இதை எப்படி வெளியே விடுகிறது? ஒரே வழிதானா?

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் ஒரு வழியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. முக்கியமான வழிகள் மூன்று உண்டு. முதல் வழி வெட்டு. ஏற்பி வழக்கம்போல முழுதாகச் செல்லின் மேல் வந்து நிற்கிறது. சவ்வுக்குச் சற்று மேலே, தண்டுப் பகுதியில், ஒரு நொதி அதைக் கத்தரித்துவிடுகிறது. டி.என்.எஃப். ஏற்பிகள் இரண்டும், இன்டர்லூக்கின்-6 ஏற்பியின் பெரும்பங்கும் இப்படித்தான் வருகின்றன. ஏற்கெனவே தயாராக இருப்பதை வெட்டுவதால் இது மிக வேகமான வழி.

இரண்டாவது வழி உற்பத்தியிலேயே மாற்றிவிடுவது. மரபணுவிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ. நகலைச் செல் துண்டு துண்டாக ஒட்டும்போது, சவ்வுப் பகுதிக்கான துண்டை விட்டுவிட்டு ஒட்டுகிறது. அந்த நகலிலிருந்து உருவாகும் புரதத்துக்குச் சவ்வில் நிற்க வழியில்லை, சுரக்கப்பட்டுவிடும். இன்டர்லூக்கின்-5, இன்டர்லூக்கின்-7 ஆகியவற்றின் ஏற்பிகளில் இது நடக்கிறது. இன்டர்லூக்கின்-33-ஐப் பிடிக்கும் எஸ்.டி.2 என்ற ஏற்பிக்குச் சுரக்கும் வடிவம் தனியாகவே உண்டு. இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு இரத்தத்தில் அளக்கப்படுவது அந்த வடிவம்தான். புதிதாகப் புரதம் தயாரிக்க வேண்டியிருப்பதால் இந்த வழிக்கு மணிக்கணக்கில் நேரம் ஆகும்.

மூன்றாவது, ஏற்பியை வெட்டாமல் முழுதாகவே வெளியேற்றுவது. செல்கள் எக்சோசோம் எனப்படும் மிக நுண்ணிய பைகளை வெளியே தள்ளுகின்றன. அவற்றின் சவ்வில் முழு நீள டி.என்.எஃப். ஏற்பி-1 இருப்பது 2004-இல் தெரியவந்தது. கண்டிப்பாகச் சொன்னால் இது கரைந்திருக்கவில்லை, பைமேல் பயணம் செய்கிறது. ஆனால் புரதத்தின் அளவை நிறமாற்றத்தால் காட்டும் எலைசா சோதனைக்கு அந்த வேறுபாடு தெரியாது. இதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் பேசுவோம்.

இன்டர்லூக்கின்-18 பிணைப்புப் புரதம் எந்த வழியில் சேரும்?

எதிலும் சேராது. அதற்கும், அதைப்போலவே சைட்டோகைனைப் பிடிக்கும் ஆஸ்டியோபுரோட்டெஜெரின் என்ற புரதத்துக்கும் சவ்வில் நிற்கும் வடிவமே கிடையாது. பிறக்கும்போதே சுரக்கப்படுபவை, தனி மரபணு உண்டு. வேலை ஒன்றுபோல இருப்பதால் சேர்த்துப் பேசுகிறார்கள்.

கத்தரிப்பது எந்த நொதி?

பெரும்பாலும் ஏடாம்17. துத்தநாக அயனியை மையத்தில் வைத்திருக்கும், தானும் சவ்வில் பதிந்து நிற்கும் நொதி இது. 1997-இல் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் கண்டுபிடித்தன. அவர்கள் தேடியது டி.என்.எஃப்-ஐச் செல்லிலிருந்து விடுவிக்கும் நொதியை. அதனால் அதற்கு டேஸ் என்று இன்னொரு பெயரும் நிலைத்துவிட்டது. அதன் உறவான ஏடாம்10-உம் சில ஏற்பிகளை வெட்டும். இன்டர்லூக்கின்-2 ஏற்பியின் மூன்று புரதச் சங்கிலிகளில் ஒன்றான ஆல்ஃபா சங்கிலியை எம்.எம்.பி.-9, நியூட்ரோஃபில் எலாஸ்டேஸ் போன்ற வேறு நொதிகளும் வெட்டுவதாக ஆய்வுகள் உண்டு.

ஏடாம்17 தானாக வேலைக்கு வந்துவிடாது. செல்லுக்குள் உருவாகும் இடத்திலிருந்து அதைக் கைபிடித்து அழைத்து வர ஐராம்2 என்ற துணைப் புரதம் தேவை. 2012-இல் இது வெளியானபோதுதான், நோய் எதிர்ப்புச் செல்களில் மட்டும் இந்த நொதியைத் தனியே கட்டுப்படுத்த முடியலாம் என்ற எண்ணம் வந்தது. மற்ற திசுக்களில் பெரும்பாலும் ஐராம்1 அந்த வேலையைச் செய்துவிடுகிறது. மோனோசைட் குடும்பச் செல்கள் ஐராம்2-ஐத்தான் நம்பியிருக்கின்றன.

நொதியும் சவ்வில், ஏற்பியும் சவ்வில். அப்படியென்றால் எந்நேரமும் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டுமே?

நல்ல கேள்வி. ஓய்வில் இருக்கும் செல்லிலும் கொஞ்சம் வெட்டு நடக்கிறது. அதனால்தான் நல்ல உடல்நிலையில் இருப்பவர் இரத்தத்திலும் மிதக்கும் ஏற்பிகள் உண்டு. தூண்டல் வந்ததும் வேகம் பல மடங்கு ஏறுகிறது. பாக்டீரியாவின் சுவர்ப்பொருள், நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களை ஈர்க்கும் பெப்டைடுகள், டி.என்.எஃப். எல்லாமே தூண்டும். செல்லுக்குள் இருக்கும் கைனேஸ் நொதிகள் ஏடாம்17-ஐ முடுக்கிவிடுகின்றன.

இதைச் செய்முறை வகுப்பில் கண்ணாலேயே பார்க்கலாம். இரத்தத்திலிருந்து பிரித்த நியூட்ரோஃபில்களை இரண்டு குழாய்களில் எடுத்து, ஒன்றில் மட்டும் பி.எம்.ஏ. என்ற தூண்டுபொருளைச் சேர்த்து 37 டிகிரியில் வையுங்கள். அரை மணி நேரம் கழித்து செல்களின் ஒளிர்வை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டினால், தூண்டப்பட்ட செல்களின் மேற்பரப்பில் டி.என்.எஃப். ஏற்பிக்கான ஒளிர்வு இடதுபக்கம் சரிந்து வெறும் செல்லின் அளவுக்கு வந்திருக்கும். மேலே தெளிந்திருக்கும் நீர்மத்தை எலைசா தட்டில் ஊற்றினால் அதே ஏற்பி அங்கே நிறம் காட்டும். துத்தநாக நொதிகளைத் தடுக்கும் பொருளை முன்கூட்டியே சேர்த்த மூன்றாவது குழாயில் இரண்டுமே நடக்காது. குழாய்களைப் பனிக்கட்டியில் வைக்க மறந்தால் பிரித்தெடுக்கும்போதே பாதி கழன்றுவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

டி.என்.எஃப்-ஐயும் அதன் ஏற்பியையும் ஒரே நொதி வெட்டுகிறது என்றால், தீயை மூட்டுவதும் அணைப்பதும் ஒருவரேவா?

ஆம். முரண்பாடாகத் தோன்றுவதன் காரணம், நாம் கால வரிசையைக் கவனிக்காததுதான். தன்னார்வலர்களுக்கு மிகச் சிறிய அளவில் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியச் சுவர்ப்பொருளைச் செலுத்திய ஆய்வுகளில், டி.என்.எஃப். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் உச்சம் தொட்டு இறங்கியது; மிதக்கும் டி.என்.எஃப். ஏற்பிகள் அதன் பிறகே உச்சத்துக்கு வந்து, வெகுநேரம் உயர்ந்தே இருந்தன. செய்தி போய்ச் சேர இடம் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வாரி எடுக்கிறது உடல்.

ஏற்பியை வெட்டுவதில் இரட்டை ஆதாயமும் உண்டு. மேற்பரப்பில் ஏற்பி குறைவதால் அந்தச் செல் காது கேளாததாகிறது. வெளியே போன துண்டு டி.என்.எஃப்-ஐப் பிடித்துவைக்கிறது. டி.என்.எஃப். ஏற்பி-1-ஐ வெட்டவே முடியாதபடி மரபணு மாற்றிய எலிகளை வைத்து 2004-இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்த எலிகளுக்குக் கல்லீரலில் தானாகவே அழற்சி வந்தது. எண்டோடாக்சின் அதிர்ச்சியில் எளிதில் மாண்டன. அதேசமயம் லிஸ்டீரியா பாக்டீரியாவைச் சாதாரண எலிகளைவிட நன்றாக எதிர்த்தன. கிருமியை அடிப்பதற்கும் தன்னையே அடித்துக்கொள்வதற்கும் இடையிலான எல்லைக்கோட்டை இந்த வெட்டு எங்கே போடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆய்வை நான் பார்த்ததில்லை.

எந்தெந்தச் செல்கள் அதிகமாக விடுகின்றன?

டி.என்.எஃப். ஏற்பிகளை நியூட்ரோஃபில்களும் மோனோசைட்டுகளும் விடுகின்றன. இன்டர்லூக்கின்-2 ஏற்பியின் ஆல்ஃபா சங்கிலியைத் தூண்டப்பட்ட டி செல்கள் விடுகின்றன. இன்டர்லூக்கின்-1-ஐப் பிடித்து வைத்துக்கொண்டு எந்தச் செய்தியும் கடத்தாத இரண்டாம் வகை ஏற்பியை நியூட்ரோஃபில்களும் மோனோசைட்டுகளும் தாராளமாக உதிர்க்கின்றன. நியூட்ரோஃபில்கள் திட்டமிட்ட மரணத்துக்குப் போகும்போது இன்டர்லூக்கின்-6 ஏற்பியையும் விடுகின்றன. ஆகவே இரண்டாவது கேள்வி கேட்டவர் முழுக்கத் தவறில்லை: சாகும் செல்லும் விடுகிறது. ஆனால் அதுவும் ஏடாம்17 முறையாக வெட்டித் தருவதே.

மிதக்கும் ஏற்பி எல்லாமே தடுப்பான்தானே? பிடித்து வைத்துக்கொண்டால் சைட்டோகைன் வேலை செய்யாதே.

தேர்வில் பாதிப் பேர் இங்கேதான் விழுகிறார்கள். டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1 விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. இன்டர்லூக்கின்-6 விஷயத்தில் தலைகீழ். இன்டர்லூக்கின்-6 தன் ஏற்பியைப் பிடித்த பிறகு, அந்த ஜோடி ஜிபி130 என்ற இரண்டாவது புரதத்தோடு சேர்ந்தால்தான் செய்தி உள்ளே போகும். ஜிபி130 ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் உண்டு. ஆனால் இன்டர்லூக்கின்-6 ஏற்பி கல்லீரல் செல்களிலும் சில வெள்ளை அணுக்களிலும்தான் கணிசமாக இருக்கிறது. மிதக்கும் ஏற்பி இன்டர்லூக்கின்-6-ஐத் தாங்கிக்கொண்டு ஜிபி130 மட்டுமே உள்ள இரத்தக்குழாய்ச் சுவரிலோ மூட்டுச் சவ்விலோ போய் அமர்ந்தால், இதுவரை அந்தச் சைட்டோகைனைக் கேட்கவே முடியாத செல் கேட்கத் தொடங்கிவிடும். ஜெர்மனியின் ஸ்டெஃபன் ரோஸ்-ஜான் இதற்கு டிரான்ஸ் சிக்னலிங் என்று பெயரிட்டு, நாள்பட்ட அழற்சியின் பெரும்பகுதிக்கு இதுவே காரணம் என்று வாதிட்டுவருகிறார்.

மூன்றாவது வகையும் உண்டு. மிதக்கும் இன்டர்லூக்கின்-2 ஆல்ஃபா சங்கிலி தனியாகச் சைட்டோகைனை மிகத் தளர்வாகத்தான் பிடிக்கும். மூன்று சங்கிலிகளும் சேர்ந்த முழு ஏற்பியின் பிடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே அதைத் தடுப்பான் என்று சொல்வதைவிட, டி செல்கள் முடுக்கப்பட்டதற்கான அடையாளம் என்று சொல்வதே பொருத்தம். டி.என்.எஃப். விஷயத்திலும் ஒரு நுணுக்கம்: மூன்று அலகுகள் சேர்ந்த டி.என்.எஃப். மெல்ல மெல்லச் சிதையும் தன்மையுடையது. குறைந்த அளவில் இருக்கும் மிதக்கும் ஏற்பி அதைச் சிதையாமல் காத்து, பிறகு மெதுவாக விட்டுக்கொடுக்கக்கூடும். அளவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அப்படியானால் இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 ஏற்பி அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் அதிகம் வர வேண்டுமே?

எதிர்மாறாக இருக்கிறது. அந்த ஏற்பியின் 358-ஆம் இடத்தில் ஆஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதில் அலனின் வரும் மரபணு வேறுபாடு பலருக்கு உண்டு. வெட்டு விழும் இடத்தை ஒட்டியே அது இருப்பதால் வெட்டு எளிதாகிறது. இரத்தத்தில் மிதக்கும் ஏற்பி கூடுகிறது. 2012-இல் வெளியான பெரிய மரபணு ஆய்வுகளின்படி, இவர்களுக்கு இதய இரத்தக்குழாய் நோய் வாய்ப்பு சற்றுக் குறைவு.

இதற்குச் சொல்லப்படும் விளக்கம் இரண்டு படிகள் கொண்டது. வெளியே போனது கூடினால் மேற்பரப்பில் நிற்பது குறைகிறது. கல்லீரலும் வெள்ளை அணுக்களும் இன்டர்லூக்கின்-6-ஐக் குறைவாகக் கேட்கின்றன. அடுத்து, இரத்தத்தில் மிதக்கும் ஜிபி130-உம் இருக்கிறது. இன்டர்லூக்கின்-6 மிதக்கும் ஏற்பியோடு சேர்ந்ததும் இது அந்த ஜோடியை மடக்கிவிடுகிறது. மிதக்கும் ஏற்பி கூடும்போது சைட்டோகைன் இந்த மடக்கலுக்குள் அதிகம் போய்ச் சேர்கிறது. முந்தைய பதிலில் சொன்ன டிரான்ஸ் சிக்னலிங், தடுப்புக்கு மிஞ்சிச் சைட்டோகைன் உருவாகும் இடங்களில்தான் ஓங்குகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

அப்பாவுக்கு டோசிலிசுமாப் போட்ட பிறகு இன்டர்லூக்கின்-6 அளவு ஏறியிருக்கிறது. மருந்து கேட்கவில்லையா?

அந்த எண்ணை மட்டும் பார்த்து அப்படி முடிவுகட்ட முடியாது. டோசிலிசுமாப் என்ற அழற்சி அடக்கும் மருந்து இன்டர்லூக்கின்-6-ஐ அல்ல, அதன் ஏற்பியைத்தான் அடைக்கிறது, மிதப்பதையும் சேர்த்து. வழக்கமாக இன்டர்லூக்கின்-6 ஏற்பியோடு சேர்ந்து செல்லுக்குள் இழுக்கப்பட்டு அழியும். அந்த வழி அடைபட்டதும் சைட்டோகைன் இரத்தத்தில் தேங்குகிறது. மருந்தோடு ஒட்டிய மிதக்கும் ஏற்பியும் மெதுவாகவே வெளியேறுவதால் அதன் அளவும் ஏறும். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற இரத்தப் புரதம் சில நாட்களில் இறங்கும், ஆனால் சி.ஆர்.பி.யைக் கல்லீரல் தயாரிப்பதே இன்டர்லூக்கின்-6 சொல்லித்தான். ஆகவே புதிய தொற்று வந்தாலும் இந்த மருந்தின்போது அது ஏறாமல் ஏமாற்றலாம். காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

டெங்கு என்று சேர்த்தார்கள், இப்போது சால்யூபிள் இன்டர்லூக்கின்-2 ரிசெப்டர் எடுக்கச் சொல்கிறார்கள். எதற்கு?

ஹெச்.எல்.ஹெச். எனப்படும் நோயைச் சந்தேகிக்கும்போது கேட்பார்கள். டி செல்களும் மேக்ரோபேஜ்களும் கட்டுப்பாடு இழந்து உடலையே தாக்கும் நிலை அது. டெங்கு, ஸ்க்ரப் டைஃபஸ் போன்ற தொற்றுகளும் அதைத் தூண்டுவதுண்டு. 2004-ஆம் ஆண்டின் வரையறையில் எட்டு அளவுகோல்களில் ஐந்து பொருந்த வேண்டும். மில்லிலிட்டருக்கு 2400 யூனிட் அல்லது அதற்கு மேல் இந்த ஏற்பி இருப்பது அவற்றில் ஒன்று. இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் என்ற புரதம் மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பது இன்னொன்று.

இந்த ஏற்பி சார்காய்டோசிஸ், லிம்ஃபோமா, கடும் தொற்று எனப் பலவற்றிலும் ஏறும். தனியாக அது எந்த நோயின் பெயரையும் சொல்லாது. ஒரு ஆய்வகம் யூனிட்டிலும் இன்னொன்று பிக்கோகிராமிலும் எண் தரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வீட்டில் கலங்க வேண்டாம். தொடர்ந்து ஒரே ஆய்வகத்தில் எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதே பயன்.

சிறுநீரக நோயாளிகளுக்கு எல்லா ஏற்பியும் அதிகமாகவே வருகிறதே?

இவ்வளவு சிறிய புரதங்களை வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது தளர்ந்தால் உற்பத்தி கூடாமலே அளவு கூடும். ஆனால் அதோடு முடியவில்லை: நீரிழிவு நோயாளிகளில் மிதக்கும் டி.என்.எஃப். ஏற்பி-1, 2 அதிகம் இருப்பவர்களுக்குப் பிற்பாடு சிறுநீரகம் வேகமாகக் கெடுவதை அமெரிக்காவின் ஜாஸ்லின் மையத்தினர் 2012-இல் காட்டினார்கள்.

ஏற்பி சரியாக வெட்டப்படாமல் போனால் மனிதர்களுக்கு நோய் வருமா?

டிராப்ஸ் என்ற பரம்பரைக் காய்ச்சல் நோய் அப்படித்தான் விளக்கப்பட்டது. 1982-இல் அயர்லாந்து, ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் விவரிக்கப்பட்டது, 1999-இல் டி.என்.எஃப். ஏற்பி-1 மரபணுவில் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. ஏற்பி உதிர்வதில்லை, அதனால் தடுப்பு இல்லை என்ற விளக்கம் கச்சிதமாக இருந்தது. அளவுக்கு மிஞ்சிக் கச்சிதமாக. உதிர்வு இயல்பாக இருக்கும் நோயாளிகளும் பிறகு தெரியவந்தார்கள். தவறாக மடிந்த ஏற்பி செல்லுக்குள்ளேயே தேங்கி அழற்சியைக் கிளப்புகிறது என்பதே இப்போது முன்னிற்கும் விளக்கம். இன்டர்லூக்கின்-1-ஐத் தடுக்கும் கனகினுமாப் 2016-இல் இதற்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதும் இதோடு ஒத்துப்போகிறது.

ஏடாம்17 நொதியே இல்லாமல் பிறந்த குழந்தைகள் பற்றி 2011-இல் செய்தி வெளியானது. தோலிலும் குடலிலும் தொடர் அழற்சி. இந்த நொதி தோல், குடல் செல்களின் வளர்ச்சிக் காரணிகளையும் விடுவிப்பதால், ஏற்பி உதிராததை மட்டும் இதற்குக் காரணம் சொல்ல முடியாது. அந்த நொதியை மாத்திரையால் தடுத்து மூட்டுவாதத்தை அடக்கப் பார்த்த முயற்சிகள் மருந்தாக வராமல் போனதிலும் எனக்கு வியப்பில்லை.

எட்டனர்செப்ட் ஊசி இயற்கை ஏற்பியின் நகல்தானே? பிறகு ஏன் செப்சிஸுக்குத் தரவில்லை?

நகல்தான், ஆனால் பலப்படுத்தியது. டி.என்.எஃப். ஏற்பி-2-இன் இரண்டு வெளிப்பகுதிகளை எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி) ஒன்றின் அடிப்பகுதியோடு இணைத்துச் செய்தார்கள். இரண்டு கைகளால் பிடிப்பதால் பிடி இறுக்கம். இரத்தத்தில் நாட்கணக்கில் தங்கும். 1998-இல் முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

கடும் தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸுக்கும் தந்து பார்த்தார்கள். 1996-இல் வெளியான அந்த ஆய்வில் 141 நோயாளிகள். மருந்தில்லாக் குழுவில் 30 சதவீதம் பேர் இறந்தார்கள். அதிக அளவு பெற்ற குழுவில் 53 சதவீதம். தொற்றோடு போராட டி.என்.எஃப். தேவை. இந்த வகை மருந்தைத் தொடங்கும் முன் உள்ளுறைந்த காசநோய் இருக்கிறதா என்று சோதிப்பதற்கும் அதுவே காரணம். நம் ஊரில் அந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

வைரஸ்களும் இதைச் செய்கின்றனவாமே?

பெரியம்மை வைரஸின் குடும்பம் செய்கிறது. முயல்களைக் கொல்லும் மிக்சோமா வைரஸ், டி.என்.எஃப். ஏற்பியை ஒத்த ஒரு புரதத்தைச் சுரப்பது 1991-இல் தெரியவந்தது. வாக்சினியா வைரஸ் இன்டர்லூக்கின்-1-ஐப் பிடிக்க ஒன்றை வைத்திருக்கிறது. வெட்டுவதற்கெல்லாம் அவை மெனக்கெடுவதில்லை. சுரக்கும் வடிவத்தை நேரடியாக எழுதிவைத்துக்கொண்டன.

எலைசாவில் எண் வந்துவிட்டது. அது வெட்டி வந்ததா, பையில் வந்ததா, சுரந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அந்த எண்ணிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. வழக்கமான எலைசா எதிர்ப்புப் புரதங்கள் வெளிப்பகுதியை மட்டும் பிடிப்பதால் எல்லாமே ஒன்றாகவே தெரியும். மாதிரியை நிமிடக்கணக்கில் சாதாரண வேகத்தில் சுழற்றிச் செல் துண்டுகளை நீக்குங்கள். பிறகு அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில் ஒரு லட்சம் ஜி அளவில் சுழற்றினால் நுண்பைகள் அடியில் தங்கும். அடியில் உள்ளதைப் புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஓட்டி, முழு நீளத்தில் பட்டை வருகிறதா என்று பாருங்கள். ஏற்பியின் வாலைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம் கைவசம் இருந்தால் இன்னும் எளிது: வால் இருந்தால் வெட்டப்படவில்லை.

வெட்டியதையும் சுரந்ததையும் பிரிக்கச் செல் வளர்ப்பில் ஏடாம் தடுப்பானைச் சேர்த்து அளவு குறைகிறதா என்று பார்ப்பது முதல் படி. சுரக்கும் நகலுக்கே உரிய ஆர்.என்.ஏ. இணைப்பை பி.சி.ஆரில் தேடுவது அடுத்தது. இன்டர்லூக்கின்-6 ஏற்பியின் சுரக்கும் வடிவத்தின் வால்முனையில் வெட்டுண்ட வடிவத்தில் இல்லாத சில அமினோ அமிலங்கள் இருப்பதால், அதை மட்டும் பிடிக்கும் எதிர்ப்புப் புரதமும் உண்டு. நோயாளியின் சீரம் மட்டுமே கையில் இருந்தால் தடுப்பான் சோதனைக்கு வழியில்லை. நிறைநிறமாலையில் புரதத்தின் இறுதி அமினோ அமிலம் எது என்று பார்க்க வேண்டியதுதான். உங்கள் ஆய்வுக்கட்டுரையில் இவற்றில் எதையும் செய்யாமல் "உதிர்ந்த ஏற்பி" என்று எழுதினால் மதிப்பீட்டாளர் கேட்பார். "மிதக்கும் ஏற்பியின் மொத்த அளவு" என்று எழுதிவிடுங்கள்.